கார்டில் கொடுத்த பணத்துக்கும் 1099 எழுத வேண்டுமா?

கேள்வி:

வணக்கம் அண்ணா. நியூ ஜெர்சி எடிசனில் நாலு வருஷமாகக் கேட்டரிங் நடத்துகிறேன். நான் ஒருத்தி மட்டும் உள்ள எல்எல்சி (ஒரு வகை நிறுவனப் பதிவு). எங்கள் வாக்-இன் கூலரும் ஃப்ரீசரும் பழுதானால் பெர்த் அம்பாயிலிருந்து ஒருவர் வந்து சரிசெய்து தருவார். நடுராத்திரி கூப்பிட்டாலும் வருகிற மனுஷர். 2025இல் அவருக்கு மொத்தம் 7,400 டாலர் கொடுத்திருக்கிறேன்: செக்கில் 2,600, கிரெடிட் கார்டில் 4,800. 2023இலும் 2024இலும் செக், கார்டு என்று பிரிக்காமல் மொத்தத் தொகையையும் 1099-என்இசி என்ற வரிப் படிவத்தில் போட்டுக் கொடுத்துவிட்டேன். போன வாரம் அவர் போன் செய்தார். 2023 வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். "நீங்கள் கொடுத்த காகிதத்தால் இருக்குமோ?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

என் சிநேகிதியோ, "முழுத் தொகையும் போடுவதுதான் உனக்குப் பாதுகாப்பு, உனக்கென்ன நஷ்டம்?" என்கிறாள். இவரைத் தவிர, வார இறுதியில் பரிமாற வரும் பையனுக்கு ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் வசதியில் அனுப்புகிறேன். மண்டப அலங்காரம் செய்யும் பெண்ணுக்கு வென்மோ என்ற பணம் அனுப்பும் செயலியில். பிளம்பருக்கு 1,100 கார்டு, 450 செக். லீஸ் பார்த்துக் கொடுத்த வக்கீலுக்கு 900 டாலர் கார்டில். வெப்சைட் செய்து தந்தவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், அண்ணா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தக் கூலர்காரர் விஷயம். அவர் சந்தேகப்பட்டது பெரும்பாலும் சரிதான். 2023இல் நீங்கள் கொடுத்த படிவத்தில் 5,900 டாலர் என்று இருப்பதாகவும், அதில் 3,700 கார்டில் போனதாகவும் கடிதத்தோடு வைத்த கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த 3,700 டாலரை ஐஆர்எஸ் கணினி இரண்டு தடவை பார்த்திருக்கிறது. உங்கள் 1099-என்இசியில் ஒரு தடவை. அவருடைய கார்டு இயந்திரத்தை நடத்தும் நிறுவனம் அனுப்பிய 1099-கே என்ற படிவத்தில் இன்னொரு தடவை. அவர் தன் ஷெட்யூல் சியில், அதாவது தொழில் வரவு செலவைக் காட்டும் வரிப் படிவத்தில், உண்மையாக வாங்கியதை மட்டும் காட்டியிருப்பார். இரண்டு படிவங்களையும் கூட்டினால் அதைவிட அதிகம் வருகிறது. "காட்டாத வருமானம்" என்று கடிதம் வந்துவிட்டது.

3,700 டாலரில் என்ன பெரிய வரி என்று தோன்றலாம். சுயதொழில் வரி மட்டுமே ஏறக்குறைய 520 டாலர் வரும். அதன் மேல் வருமான வரி, வட்டி, நியூ ஜெர்சியின் பங்கு. உங்களைப் போலவே இன்னும் மூன்று கடைக்காரர்கள் அவருக்கு மொத்தத் தொகையைப் போட்டுக் கொடுத்திருந்தால் நினைத்துப் பாருங்கள். இது அவர் சம்பாதிக்காத பணத்துக்கான வரி. இருபது வருஷமாக வரிக் கணக்கு பார்க்கும் இந்த வேலையில் இருக்கிறேன். இப்படிக் கடிதத்தோடு வருகிறவர்கள் எல்லாருமே பெயின்டர், எலக்ட்ரீஷியன், லாரி ஓட்டுபவர் மாதிரி ஆட்கள்தான். பெரிய கம்பெனிக்கு இதையெல்லாம் கவனிக்க ஆள் உண்டு. இவர்கள் கடிதத்தைப் பார்த்துப் பயந்து, கேட்ட பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். உங்கள் சிநேகிதி "உனக்கென்ன நஷ்டம்" என்று கேட்டாரே, நஷ்டம் இவருக்கு.

இனி விதி. 1099-என்இசி, அதாவது உங்களிடம் சம்பள ஆளாக இல்லாமல் வேலை செய்து கொடுத்தவர்களுக்கான படிவம், 2020ஆம் வரி ஆண்டிலிருந்து தனியாக வந்தது. அதற்கு முன் இது 1099-மிஸ்க் என்ற படிவத்தின் ஏழாம் கட்டத்தில் இருந்தது. 2025இல் கொடுத்த பணத்துக்கு 600 டாலரோ அதற்கு மேலோ என்றால் படிவம் உண்டு. ஆனால் அந்த 600ஐ எண்ணும்போது கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு, பேபால் போன்ற வழிகளில் போன பணத்தைச் சேர்க்கவே கூடாது. 2008இல் போட்ட சட்டம், 2011இல் நடைமுறைக்கு வந்தது. கார்டுப் பணத்தை வியாபாரியின் கணக்கில் சேர்க்கும் நிறுவனம்தான் அதை 1099-கேயில் ஐஆர்எஸ்ஸுக்குச் சொல்ல வேண்டும். பணம் கொடுத்தவர் சொல்ல வேண்டியதில்லை என்று அந்தச் சட்டம் பொறுப்பை மாற்றிவிட்டது. 1099-என்இசி படிவத்தோடு ஐஆர்எஸ் தரும் விளக்கக் குறிப்பிலும் இது எழுதியிருக்கிறது. பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

ஆகவே 2025க்குக் கூலர்காரரின் படிவத்தில், முதல் கட்டத்தில், 2,600 என்று மட்டும் எழுதுங்கள். 4,800 உங்கள் பொறுப்பில் இல்லை. பிளம்பருக்குச் செக்கில் போனது 450தான், 600ஐத் தொடவில்லை. கார்டையும் சேர்த்து 1,550 கொடுத்திருந்தாலும் அவருக்குப் படிவமே கிடையாது.

இங்கே எல்லாரும் கேட்கிற ஒரு கேள்வி: "அவருக்கு 1099-கே வராமல் போய்விட்டால்?" பேபால், வென்மோ மாதிரி நிறுவனங்களுக்கு மட்டும் ஒரு வரம்பு இருக்கிறது: ஒரு வருஷத்தில் 20,000 டாலருக்கு மேல், 200 பரிவர்த்தனைக்கும் மேல். 2021இல் அதை 600 டாலராகக் குறைத்துச் சட்டம் போட்டார்கள். ஐஆர்எஸ் வருஷா வருஷம் தள்ளிப்போட்டது. 2024க்கு 5,000 என்று வைத்தது. கடைசியில் 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டம் பழைய 20,000, 200 வரம்பையே திரும்பக் கொண்டுவந்துவிட்டது. அந்த வரம்புக்குள் இருப்பதால் ஒருவருக்கு 1099-கே வராமல் போனாலும், அந்தப் பணத்துக்கு நீங்கள் 1099-என்இசி எழுத வேண்டியதில்லை. விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. வாங்கினவர் தன் வருமானத்தில் அதைக் காட்டியே ஆக வேண்டும் என்பது வேறு விஷயம்; காகிதம் வந்தாலும் வராவிட்டாலும் வருமானம் வருமானம்தான். நியூ ஜெர்சி தன் பங்குக்கு 1,000 டாலர் என்று தனி வரம்பு வைத்திருப்பதால், நம் ஊரில் பலருக்கு 1099-கே வந்துவிடும்.

சிநேகிதி சொன்னதில் இன்னொரு பயமும் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். 1099 கொடுக்காவிட்டால் அந்தச் செலவைக் கழிக்க முடியாது என்ற பயம். அப்படி இல்லை. கார்டில் கொடுத்த 4,800 முழுவதும் உங்கள் தொழில் செலவு. அவர் கொடுத்த பில் வேண்டும், என்ன வேலை செய்தார் என்று அதில் இருக்க வேண்டும், கார்டு ஸ்டேட்மென்டில் தொகை பொருந்த வேண்டும். அவ்வளவுதான். ஸ்டேட்மென்ட் மட்டும் போதாது, பில்லையும் வையுங்கள்.

ஸ்டேட்மென்டை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். கூலர்காரர் தன் போனோடு சின்ன வெள்ளைச் சதுரம் ஒன்றை வைத்துக் கார்டைத் தட்டச் சொல்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஸ்கொயர் நிறுவனத்தின் கார்டு இயந்திரம். உங்கள் ஸ்டேட்மென்டில் அவர் பெயருக்கு முன்னால் எஸ், க்யூ என்ற இரண்டு எழுத்தும் ஒரு நட்சத்திரக் குறியும் இருக்கும். அந்த வரிகளையெல்லாம் மஞ்சள் பேனாவால் அடையாளம் செய்யுங்கள். அதுதான் நீங்கள் படிவத்தில் சேர்க்கக் கூடாத பணம்.

ஆனால் கார்டு சம்பந்தப்பட்ட எல்லாமே கார்டுப் பணம் ஆகிவிடாது. கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்து ரொக்கமாகக் கொடுத்தால் அது ரொக்கம். கார்டு கம்பெனி அனுப்பும் செக் புத்தகத்திலிருந்து கிழித்துக் கொடுத்தால் அது செக். இரண்டும் உங்கள் கணக்கில் வரும். டெபிட் கார்டில் இதற்கு நேர்மாறான தொல்லை உண்டு. அந்தப் பணம் செக்கிங் கணக்கிலிருந்து போவதால், குவிக்புக்ஸ் போன்ற மென்பொருளில் பதியும்போது கவனிக்காவிட்டால் அதையும் செக்கோடு சேர்த்து 1099 தொகையில் போட்டுவிடும். 2024க்குக் கூலர்காரரின் படிவத்தில் நீங்கள் எழுதிய 6,150 எப்படி வந்தது என்று பார்த்தால், காரணம் இதுவாகவும் இருக்கலாம். மென்பொருள் கொடுக்கும் எண்ணை அப்படியே அனுப்பாமல், ஒவ்வொருவருக்கும் எந்த வழியில் போனது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஸெல் கார்டு மாதிரி கிடையாது. இதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். போனில் தட்டி அனுப்புவதால் வென்மோவும் ஸெல்லும் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஸெல்லில் உங்கள் வங்கியிலிருந்து அவர் வங்கிக்குப் பணம் நேராகப் போகிறது. நடுவில் யாரும் வாங்கி வைத்துக் கொடுப்பதில்லை. ஸெல் 1099-கே அனுப்புவதும் இல்லை. அதனால் ஸெல்லில் கொடுத்தது செக்கில் கொடுத்ததற்குச் சமம். முழுப் பொறுப்பும் உங்களுடையது. வங்கி மூலம் நேரடியாகக் கணக்கில் போடும் ஏசிஹெச் பணமும் அப்படியே.

பரிமாற வரும் பையனுக்கு ஸெல்லில் அனுப்பியதால் 1099-என்இசி கொடுத்தால் போதும் என்று நான் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எந்தப் பந்தியில் நிற்க வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். சட்டையும் ஏப்ரனும் உங்களுடையவை, மணிக்கு இவ்வளவு என்று கூலி. அவருக்கென்று தனித் தொழில் எதுவும் இல்லை. நியூ ஜெர்சியில் ஒருவரைக் கான்ட்ராக்டர் என்று சொல்ல மூன்று நிபந்தனையும் சேர்ந்து பொருந்த வேண்டும்: உங்கள் கட்டுப்பாடு இல்லாமல் வேலை செய்கிறவராக இருக்க வேண்டும், அந்த வேலை உங்கள் வழக்கமான தொழிலுக்கோ தொழில் நடக்கும் இடத்துக்கோ வெளியே இருக்க வேண்டும், அவர் தானாகவே அந்தத் தொழிலைத் தனியாக நடத்துகிறவராக இருக்க வேண்டும். கேட்டரிங்கில் பரிமாறுவது உங்கள் தொழிலேதான். அந்தப் பையன் உங்கள் வேலையாள். அவருக்குக் கொடுக்க வேண்டியது டபிள்யூ-2, அதாவது சம்பள ஆளுக்கான படிவம். 1099 எழுதிக் கொடுப்பதால் வேலையாள் கான்ட்ராக்டர் ஆகிவிடமாட்டார். டபிள்யூ-2க்கும் 1099-என்இசிக்கு உள்ள அதே கெடு என்பதால், இந்த வாரமே பேரோல் (சம்பளக் கணக்கு) பார்ப்பவர் ஒருவரிடம் உட்கார்ந்து இந்த ஒரு விஷயத்தைப் பேசுங்கள். நீங்கள் கேட்ட கேள்விகளில் உங்களுக்கு உண்மையிலேயே ஆபத்து உள்ளது இதில்தான்.

அலங்காரம் செய்யும் பெண்ணுக்கு வென்மோவில் அனுப்பிய 1,950இல், 1,300 அவருடைய வியாபாரக் கணக்குக்குப் போயிருக்கிறது. அதைத் தொடாதீர்கள், அது வென்மோவின் பொறுப்பு. மீதி 650ஐக் கட்டணம் பிடிக்காமல் இருக்க, நண்பருக்கு அனுப்புவது போல் அனுப்பியிருக்கிறீர்கள். அப்படி அனுப்பியதை வென்மோ வியாபாரமாகவே பார்க்காது, 1099-கேயிலும் சேர்க்காது. அந்த மாதிரிப் பணத்தை நான் செக்கைப் போலவே எண்ணுகிறேன். 650 என்பது 600ஐத் தாண்டிவிட்டது. அவருக்கு 650 டாலருக்கு ஒரு படிவம் எழுதுங்கள். இனி அவருக்கு வியாபார வழியிலேயே அனுப்புங்கள். நண்பர் வழியில் தொழில் பணம் அனுப்புவது அந்த நிறுவனங்களின் விதிக்கே எதிரானது.

வக்கீல் விஷயம் சுவையானது. பொதுவாக ஒருவர் கார்ப்பரேஷன் என்றால் அவருக்கு 1099 தேவையில்லை. வக்கீலுக்கு அந்தச் சலுகை இல்லை. கார்ப்பரேஷனாக இருந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும். ஆனாலும் நீங்கள் 900ஐயும் கார்டில் கொடுத்துவிட்டதால் அதற்கும் படிவம் இல்லை. செக்கில் கொடுத்திருந்தால் உண்டு.

கோயம்புத்தூர்க்காரருக்கு 1099 இல்லை. அவர் அமெரிக்கக் குடிமகன் இல்லை, வேலை முழுக்கக் கோயம்புத்தூரில் உட்கார்ந்து செய்திருக்கிறார். அது அமெரிக்காவில் எழுந்த வருமானம் இல்லை, வரி பிடிக்கவும் வேண்டாம். ஆனால் அவரிடம், தான் வெளிநாட்டவர் என்று எழுதித் தரும் டபிள்யூ-8பென் படிவம் ஒன்றைப் பூர்த்தி செய்து கையெழுத்து வாங்கி உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்ப வேண்டாம். யாராவது கேட்டால் காட்ட வேண்டும். அவர் கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் டபிள்யூ-8பென்-இ. பின்னொரு நாள் அவர் இங்கே வந்து எடிசனில் இருந்துகொண்டு வேலை செய்தால் கணக்கு மாறும், அப்போது எழுதுங்கள்.

அரிசி, பருப்பு, வாழை இலை வாங்கின மொத்தக் கடைகளுக்கு எதுவும் வேண்டாம். பொருள் வாங்கியதற்கு 1099 கிடையாது. கூலர்காரர் கம்ப்ரெஸர் வாங்கிப் போட்டு வேலையோடு சேர்த்துப் பில் கொடுத்தால் மட்டும், அந்தச் சாமான் விலையும் அவர் தொகையில் சேரும். சமையல் கூடத்து வாடகையைச் செக்கில் நேராகக் கட்டட உரிமையாளருக்கே கொடுக்கிறீர்கள் என்றால், அவர் தனி நபராக இருந்தால், அது 1099-மிஸ்க்கின் முதல் கட்டம். நிர்வகிக்கும் ஏஜென்டிடம் கொடுத்தால் உங்களுக்கு வேலையில்லை.

இதற்கெல்லாம் அடிப்படை டபிள்யூ-9, அதாவது பணம் வாங்குகிறவர் தன் பெயரையும் வரி எண்ணையும் எழுதித் தரும் படிவம். கூலர்காரரிடம் வாங்கி வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அதன் மூன்றாம் வரியில் அவர் எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார் என்று பாருங்கள். பெயரோடு எல்எல்சி என்று இருப்பதால் எதுவும் தீர்மானமாகாது. தனி நபர் என்று குறியிட்டிருந்தால் படிவம் உண்டு. எல்எல்சி கட்டத்தில் எஸ் அல்லது சி என்று எழுதியிருந்தால் அவர் கார்ப்பரேஷனாக வரி கட்டுகிறார். செக்கில் கொடுத்த 2,600க்கும்கூடப் படிவம் வேண்டாம். வேலை முடிந்து பணம் வாங்கின பிறகு டபிள்யூ-9 கேட்டு அலைந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். முதல் பில்லுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் வாங்குங்கள். கார்டில்தான் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தாலும் வாங்குங்கள். ஒரு நாள் அவர் இயந்திரம் வேலை செய்யாது, செக் எழுதுவீர்கள். வரி எண்ணைத் தர மறுப்பவரிடம் 24 சதவீதம் பிடித்து ஐஆர்எஸ்ஸுக்குக் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதைச் சொன்னதும் பெரும்பாலும் எண் வந்துவிடும்.

கெடு ஜனவரி 31. 2026இல் அது சனிக்கிழமை வருவதால் பிப்ரவரி 2 திங்கள்வரை நேரம். ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்புவதும் அவர்கள் கையில் கொடுப்பதும் இரண்டுமே அன்றைக்குள். 30 நாள்வரை தாமதித்தால் ஒரு படிவத்துக்கு 60 டாலர் அபராதம். ஆகஸ்ட் 1க்குள் என்றால் 130. அதற்கும் பிறகு, அல்லது அனுப்பவே இல்லை என்றால் 340. தெரிந்தே விட்டால் 680. வாங்கினவருக்குப் பிரதி கொடுக்காததற்குத் தனியாக இன்னொரு முறை. டபிள்யூ-2வும் சேர்த்து மொத்தம் 10 படிவங்கள் ஆனால் ஆன்லைனில்தான் அனுப்ப வேண்டும். உங்களுக்கு அவ்வளவு வராது, காகிதத்தில் அனுப்பலாம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் சிவப்புப் படிவத்தை வீட்டுப் பிரின்டரில் எடுத்து அனுப்பாதீர்கள். ஐஆர்எஸ் இயந்திரம் அதைப் படிக்காது. அச்சிட்ட படிவத்தை வரவழைத்து, மேலே 1096 என்ற முகப்புப் படிவத்தை வைத்து அனுப்ப வேண்டும். ஐஆர்எஸ்ஸின் இலவச ஆன்லைன் வசதியான ஐரிஸுக்கு முன்கூட்டியே அனுமதி எண் வாங்க வேண்டும், அது வருவதற்குள் கெடு போய்விடும். இந்த வருஷம் உங்கள் கணக்கு மென்பொருள் மூலமே அனுப்பிவிடுங்கள். அடுத்த வருஷத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

உங்கள் ஷெட்யூல் சியின் மேல் பகுதியில் ஐ, ஜே என்று இரண்டு கேள்விகள் இருக்கும்: 1099 கொடுக்க வேண்டிய பணம் ஏதாவது கொடுத்தீர்களா, கொடுத்திருந்தால் படிவம் அனுப்பினீர்களா என்று. கையெழுத்துப் போடும் காகிதம் அது. இரண்டுக்கும் உண்மையாக "ஆம்" என்று சொல்லும்படி இருக்க வேண்டும்.

2026இல் கொடுக்கும் பணத்துக்கு வரம்பு 600லிருந்து 2,000 டாலராக ஏறிவிட்டது, அதே 2025 ஜூலைச் சட்டத்தால். கார்டுப் பணத்தைச் சேர்க்கக் கூடாது என்ற விதி மாறவில்லை. அலங்காரம் செய்யும் பெண்ணின் 650 மாதிரித் தொகைகளுக்கு அடுத்த வருஷம் படிவம் இருக்காது. ஆனால் அவர் வருமானத்துக்கு வரி இருக்கும். செலவு போக வருஷத்துக்கு 400 டாலர் நின்றாலே சுயதொழில் வரிக் கணக்கு காட்ட வேண்டும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், காகிதம் வரவில்லை என்று சும்மா இருந்துவிடப் போகிறார்.

நீங்களும் கல்யாண ஆர்டருக்குக் கார்டு வாங்குகிறீர்கள் அல்லவா? உங்கள் பெயரிலும் ஒரு 1099-கே வரும். அதன் 1ஏ கட்டத்தில் இருக்கும் தொகை உங்கள் வங்கிக்கு வந்த தொகையைவிட அதிகமாக இருக்கும். பதற வேண்டாம். இயந்திரக் கட்டணம், திருப்பிக் கொடுத்த முன்பணம், 6.625 சதவீத விற்பனை வரி, டிப்ஸ் எதையும் கழிக்காத மொத்தத் தொகை அது. வரவில் மொத்தத்தைக் காட்டிவிட்டு, கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்ததையும் அந்தந்த இடத்தில் கழியுங்கள். வங்கியில் விழுந்ததை மட்டும் வரவாகக் காட்டினால், கூலர்காரருக்கு வந்தது போன்ற கடிதம் உங்களுக்கும் வரும்.

இப்போது பழைய தவறைச் சரிசெய்வது. 2023க்கும் 2024க்கும் திருத்திய 1099-என்இசி அனுப்புங்கள். படிவத்தின் மேலே "திருத்தப்பட்டது" என்பதற்கான கட்டத்தில் குறியிட்டு, 2023க்கு 2,200 என்றும், 2024க்கு, உங்கள் கணக்குப்படி கார்டில் போன 3,400ஐக் கழித்து, 2,750 என்றும் எழுத வேண்டும். முதலில் காகிதத்தில் அனுப்பியிருந்தால் காகிதத்தில், ஆன்லைனில் அனுப்பியிருந்தால் ஆன்லைனில். தவறான தொகை எழுதியதற்கும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு, மறைக்க விரும்பவில்லை. நியாயமான காரணத்தைச் சொல்லி எழுதினால் அதைத் தள்ளுபடி செய்யவும் இடமுண்டு. அந்தப் பயத்தில் திருத்தாமல் விட்டால் அவர் இன்னொரு வருஷத்துக்கும் இதே கடிதத்தை வாங்குவார். 2024க்கு அவருக்கு இன்னும் கடிதம் வரவில்லை. வருவதற்குள் முந்திக்கொள்ளுங்கள்.

திருத்திய படிவம் ஐஆர்எஸ் கணினியில் ஏற நாளாகும். அவருக்கு வந்த கடிதத்துக்கோ பதில் சொல்ல நாள் குறித்திருப்பார்கள். அந்தக் கடிதம் பில் அல்ல, இப்படி மாற்றலாமா என்று கேட்கும் கடிதம். ஒப்புக்கொள்ளவில்லை என்ற கட்டத்தில் குறியிட்டு, காரணம் எழுதி, ஆதாரத்தோடு அனுப்ப அவருக்கு உரிமை உண்டு. அதற்கு அவருக்குத் தேவைப்படும் ஆதாரம் உங்களிடம்தான் இருக்கிறது. 2023இல் அவருக்குக் கொடுத்த ஒவ்வொரு பணத்துக்கும் தேதி, தொகை, செக் எண் அல்லது கார்டு என்று ஒரு பக்கத்தில் எழுதி, "மேலே உள்ள 3,700 டாலர் கார்டில் கொடுக்கப்பட்டது, தவறுதலாக 1099-என்இசியில் சேர்த்துவிட்டேன்" என்று ஒரு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டு, திருத்திய படிவத்தின் பிரதியோடு கொடுங்கள். இன்றைக்கே அவருக்குப் போன் செய்து கடிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று கேளுங்கள். நாள் குறைவாக இருந்தால், கடிதத்தில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டுக் கூடுதல் நாள் கேட்கச் சொல்லுங்கள். பேசத் தயங்குகிற மனுஷர் என்றால், அவர் பேசும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள்.